அவருடைய கிட்னியும் நானும்

என் கணவர் என்னிடம் நலம் விசாரிப்பதில்லை. என் இடுப்புக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அவருடைய கிட்னியைத்தான் விசாரிப்பார். காலையில் பல் துலக்கிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்று, "எப்புடி இருக்கான் நம்ம பையன்? தண்ணி காட்டுனியா?" என்பார். மாடு கட்டியிருப்பவர்கள் கேட்கிற மாதிரி இருக்கும். நான் ஒரு சொம்புத் தண்ணீரை அவர் எதிரிலேயே குடித்து முடித்தால்தான் நகருவார்.

நான் விருத்தாசலம் ஜங்ஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறேன். அவர் செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். மின்சாரப் பெட்டிக்குள் மாட்டுகிற பீங்கான் பியூஸ் கட்டைகள் செய்கிறார்கள். ஒரே மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். இவ்வளவுதான் நாங்கள்.

எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தபோது, நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதால் என்று நினைத்தேன். செருப்பு இறுக்குகிறது என்றேன். அவர் மறுநாளே ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கி வந்தார். கொஞ்ச நாளில் அதுவும் இறுக்கியது. இன்னும் ஒரு சைஸ் பெரியதாக வாங்கி வந்தார். "ஏங்க, கால் எதுக்கு வீங்குதுன்னு பாக்க வேணாமா?" என்று நான் கேட்ட பிறகுதான் டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். டாக்டர்கள் உட்காரச் சொல்லும்போது பயப்பட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது. இரண்டு கிட்னியும் போய்விட்டன என்றார்.

அதற்குப் பிறகு டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று தடவை மெஷினோடு படுக்கை. என் அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் அவரால் கிட்னி கொடுக்க முடியாது. என் தம்பிக்கு ரத்த குரூப் சேரவில்லை. சேராதது தெரிந்ததும் அவன் விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவனைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். ஒரு நாள் என் கணவர் பட்டறையிலிருந்து வந்து, கை கழுவிக்கொண்டே, "எனக்கும் உனக்கும் ஒத்துப் போவுதாம்" என்றார்.

"என்ன ஒத்துப் போவுது?"

"ரத்தம். டெஸ்ட் குடுத்துட்டு வந்தேன். இத்தன வருசத்துல நமக்குள்ள ஒத்துப் போற விஷயம் இது ஒண்ணுதான்."

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஏற்பாடானது. அதற்கு முன்னால், கிட்னி கொடுப்பவரை ஒரு கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும். பணத்துக்காகவோ, மிரட்டலுக்குப் பயந்தோ கொடுக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பேசுவதையெல்லாம் வீடியோ எடுப்பார்கள். நான்கைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் முகத்தில் சிரிப்பு என்பது வந்துபோன தடமே இல்லை.

"ஒங்கள யாராவது கட்டாயப்படுத்துனாங்களா?" என்று கேட்டார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எல்லாமே கட்டாயம்தான் சார்" என்றார் இவர். "இது ஒண்ணுதான் நானா கேட்டு வாங்கிக்கிட்டது."

கமிட்டியில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கேமராவை நிறுத்தி, இவரை வெளியே அனுப்பி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். இரண்டாவது தடவை இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "இல்லைங்க சார், முழு மனசோட தரேன்" என்றார். அனுமதி கிடைத்தது. எனக்கு மட்டும் அந்த முதல் பதிலின் வீடியோ கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

ஆபரேஷன் முடிந்ததும் நான் சீக்கிரம் தெளிந்துவிட்டேன். அவர்தான் முனகிக்கொண்டே கிடந்தார். கொடுப்பவருக்குத்தான் வலி அதிகம் என்று நர்ஸ் சொன்னார். எழுந்து நடக்க முடிந்ததும், வார்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, கையால் சைகை செய்து கேட்டார், மூத்திரம் போகிறதா என்று. கணவன் மனைவி தூரத்திலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்வதற்கு எத்தனையோ விஷயம் இருக்கிறது. எங்களுக்கு இது வாய்த்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு மாத்திரைகளைப் பற்றிச் சொன்னார்.

"ஒடம்புக்குள்ள போலீஸ் மாதிரி ஒரு காவல் இருக்குதும்மா. வெளியாள் உள்ள வந்தா புடிச்சு அடிச்சுத் தொரத்தும். ஒங்க வீட்டுக்காரர் கிட்னியும் அதுக்கு வெளியாள்தான். அதனால அந்தப் போலீஸ அரத்தூக்கத்துலயே வைக்கணும். அதுக்குத்தான் இந்த மாத்திரை. ஒரு வேள கூட விடக் கூடாது."

"இத்தன வருசம் குடும்பம் நடத்தியும் நான் வெளியாளா?" என்றார் என் கணவர்.

டாக்டர் சிரித்துவிட்டு மேலே சொன்னார். போலீஸ் தூங்கினால் நிஜத் திருடனும் உள்ளே வருவான். சாதாரண சளி, காய்ச்சல்கூட எனக்குப் பெரிதாகலாம். அதோடு, எல்லார் உடம்பிலும் அவ்வப்போது கோணலாகக் கிளம்புகிற செல்களை அந்தப் போலீஸ்தான் ஒழித்துக்கட்டுகிறதாம். அது சரியாக நடக்காவிட்டால் புற்றுநோய் வரவும் வாய்ப்பு உண்டு. மாத்திரை குறைந்தால் கிட்னிக்கு ஆபத்து, கூடினால் எனக்கு ஆபத்து. முதல் பாதியை என் கணவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். புற்றுநோய் என்ற சொல்லை இருவருமே காதில் வாங்காத மாதிரி எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் ஆட்சி மாறியது. பச்சைக் காய் கிடையாது. வெளியில் நறுக்கி விற்கிற பழம் கிடையாது. மாத்திரைக்கு அவர் போனிலும் என் போனிலும் அலாரம். முன்பெல்லாம் பட்டறையிலிருந்து களிமண் காய்ந்த சட்டையோடு வந்து சோபாவில் சாய்கிறவர், எத்தனை சண்டை போட்டும் திருந்தாதவர், இப்போது பின்பக்கமாக வந்து குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைத்தார். அந்த ஒன்றுக்காகவே கிட்னி போனது பரவாயில்லை என்று மகளிடம் போனில் சொன்னேன்.

உடம்பைப் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார். அவருடைய சொந்த அண்ணன் நல்லூரிலிருந்து ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தபோது, வாசல் படியில் தும்மிவிட்டார். அவ்வளவுதான். பழம் உள்ளே வந்தது, அண்ணன் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு டீ கொடுத்து அனுப்பினார்.

"தூசி பட்டு தும்முனேன்டா" என்றார் அவர் பாவமாக.

"அந்தத் தூசியும் வெளியவே இருக்கட்டும்ணா" என்றார் இவர்.

மாசி மகத்துக்கு ஊரே பழமலைநாதர் கோயில் பக்கம் திரளும்போது என்னை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். நான் டியூட்டிக்குத் திரும்பிய பிறகு கவுன்ட்டரில் மாஸ்க்கோடுதான் உட்கார்ந்தேன். ஊரில் எல்லாரும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. "இன்னும் ஒங்களுக்கு கொரோனா போவலியா மேடம்?" என்று கேட்காத பயணி இல்லை. மாஸ்க்குக்குள்ளிருந்து நான் பேசுவது பாதி பேருக்குக் கேட்காது. நான் திருச்சி என்றால், சேலத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டதாக நினைத்துச் சண்டைக்கு வருவார்கள்.

மாதா மாதம் புதுச்சேரிக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்போம். அப்படிப் போன ஒரு நாளில்தான், சின்ன டாக்டர் என்று நாங்கள் சொல்கிறவர் எங்களிடம் வந்தார். எங்கள் மகளைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். ஆராய்ச்சி செய்கிறவர். எங்கள் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவான குரலில், என்னை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எலிக்கு ஊசி போட்டுப் பாப்பாங்களே, அந்த மாதிரியா?" என்றார் என் கணவர்.

"இல்லங்க ஐயா. மருந்து எதையும் மாத்த மாட்டோம். வழக்கமா எடுக்குற ரத்தத்துல கொஞ்சம் கூட எடுத்துக்குவோம், அவ்வளவுதான்."

பிறகு விளக்கினார். இப்போது ரத்தத்தில் மாத்திரை எவ்வளவு இருக்கிறது என்றுதான் அளக்க முடிகிறது. அது இந்த ஆளின் காவலை எவ்வளவு தூங்க வைத்திருக்கிறது என்று அளக்கச் சரியான வழி இல்லை. ஒரே அளவு மாத்திரையில் ஒருவருக்குக் காய்ச்சல் வருகிறது, இன்னொருவருக்குக் கிட்னி கெடுகிறது. அதனால் வேறொரு அடையாளத்தைத் தேடுகிறார்கள். அநேகமாக எல்லார் ரத்தத்திலும் ஒரு வைரஸ் இருக்கிறதாம். தெரிந்தவரை ஒரு கெடுதலும் செய்வதில்லை. காவல் தூங்கினால் அது பெருகும், விழித்தால் குறையும். அதை எண்ணிப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அதாவது, வந்து உக்காந்துக்கும். நல்லதும் பண்ணாது, கெட்டதும் பண்ணாது. கேக்க ஆளில்லன்னா இன்னும் வசதியா உக்காந்துக்கும்."

"ஆமாங்க ஐயா, கிட்டத்தட்ட அப்படித்தான்."

"எம் மச்சான் மாதிரின்னு சொல்லுங்க."

சின்ன டாக்டர் என்னைப் பார்த்தார். மச்சான் என்றால் என் தம்பி என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வைரஸுக்கு மச்சான் என்றே பெயர். என் தம்பிக்கு இது தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.

சம்மதக் கையெழுத்து போட்டது நான். ஆராய்ச்சியாளர் ஆனது அவர். பேட்டைக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் உடம்புக் காவலைப் பற்றி அவர் பேசுவதாகச் செய்தி வந்தது. கிட்னியில் கல் இருப்பவர்களெல்லாம் ஆலோசனை கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் சின்ன டாக்டரிடம், "மச்சான் எப்புடி இருக்காரு?" என்பார். "ஆராய்ச்சி முடியாம சொல்லக் கூடாதுங்க ஐயா" என்பார் அவர். "சரி, சொல்ல வேணாம். மூஞ்சிய மட்டும் சிரிச்ச மாதிரி வச்சுக்குங்க, நான் புரிஞ்சுக்குறேன்" என்பார் இவர்.

சில வருடங்கள் இப்படி ஓடின. பிறகு எனக்குச் சாயங்காலத்தில் லேசாகக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை. வளையல் கையில் வழுக்கியது. ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து மாஸ்க்கைக் கழற்றியபோது, அவர் என் தாடைக்குக் கீழே உற்றுப் பார்த்தார்.

"இது என்னம்மா வீங்கியிருக்குது?"

"கடவாப் பல்லு வலி. அதனாலயா இருக்கும்."

தொட்டுப் பார்த்தார். பல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாத இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. மறுநாள் காலையில் நாங்கள் புதுச்சேரி பஸ்ஸில் இருந்தோம்.

டிபியாக இருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது வருவது உண்டாம். கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை, டிபியாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். டிபி வேண்டும் என்று சாமி கும்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டிபி இல்லை. பெரிய டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார்.

நிணநீர்க் கட்டியில் வருகிற ஒரு வகைப் புற்றுநோய் என்றார். கிட்னி மாற்றியவர்களில் சிலருக்கு, இந்த மாத்திரைகளின் காரணமாகவே வருவது. சின்ன வயதிலேயே பெரும்பாலோர் உடம்பில் புகுந்து ஒடுங்கிக் கிடக்கும் ஒரு வைரஸ் உண்டு. காவல் தூங்கும்போது அது புகுந்த செல்கள் கேட்பாரில்லாமல் வளர்ந்துவிடுகின்றன.

"மச்சானா?" என்றார் என் கணவர்.

பக்கத்தில் நின்றிருந்த சின்ன டாக்டர், "இல்லங்க ஐயா. இது வேற. அது பாவம்" என்றார்.

வைத்தியத்தின் முதல் படி, மாத்திரையைக் குறைப்பது. ஒன்றை அடியோடு நிறுத்தி, இன்னொன்றைக் குறைத்து, போலீஸை எழுப்பிவிடுவது. கூடவே ஒரு ஊசி மருந்தும் ஏற்றுவார்கள்.

"எழுந்தா கட்டிய கவனிப்பாங்க" என்றார் பெரிய டாக்டர். "ஆனா கிட்னியும் அவங்க கண்ணுல படும். அதுக்கு அடி விழலாம். நாங்க கிட்டக்க இருந்து பாத்துக்குவோம். ஆனா உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது."

நான் என் கணவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கிட்னிக்குத் தண்ணீர் காட்டி, தும்முகிறவர்களைத் துரத்தி, ஊரெல்லாம் பெருமை பேசியவர். அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"போனா போவட்டும் டாக்டர்" என்றார். "கிட்னிக்காவ ஆள வுட முடியுமா? நீங்க கொறைங்க." கொஞ்சம் கழித்துத் தலையை நிமிர்த்தி, "இன்னொண்ணு எங்கிட்ட இருக்குது. ஆனா அதயும் கேட்டீங்கன்னா கொஞ்சம் யோசிப்பேன்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியில் வந்ததும் அவர் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டு முகத்தைத் துண்டால் துடைத்துத் துடைத்துத் தோலைச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தார். வெயில் என்றார். அது ஏசி போட்ட இடம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் யாரிடமும் பேசவில்லை. கண்டக்டரிடம் ஊர் விவரம் கேட்காமல் அவர் பயணம் செய்து நான் பார்த்ததில்லை. நெய்வேலி தாண்டியதும் நான்தான் பேசினேன்.

"கிட்னி போயிடுச்சுன்னா ஒங்களுக்கு வருத்தமா இருக்காதா?"

"இருக்கும்."

"எம்மேல கோவம் வருமா?"

"ஒம்மேல எப்பதான் கோவம் வரல? புதுசா கேக்குற." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மறுபடியும் அந்த மிஷினுக்குப் போவணும், அவ்வளவுதான? நான் கூட வரேன். பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருக்கேன். நீ இருந்தா போதும்."

எனக்குப் பயம் இருந்தது. அவர் கொடுத்ததை என் உடம்பே அடித்து வீழ்த்தப் போகிறதே என்ற கூச்சமும் இருந்தது. அன்றைக்கு அந்தப் பதிலைக் கேட்ட பிறகு பயம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அது எவ்வளவோ தேவலை.

அந்த வாரமே அவர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் குறை இருப்பவர்கள் சாமிக்கு மனு எழுதிக் கட்டுவது வழக்கம். பங்காளிச் சண்டை, காணாமல் போன நகை என்றெல்லாம் எழுதுவார்கள். இவர், என் மனைவியின் உடம்பில் உள்ள காவல் விழித்ததும் கட்டியை மட்டும் விசாரிக்க வேண்டும், கிட்னி நம் வீட்டுப் பிள்ளை, அதன்மேல் கை வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். எழுதியதைப் படித்த பூசாரி, "எந்த ஸ்டேஷன் லிமிட்டுங்க?" என்று கேட்டாராம்.

ஊசி மருந்து ஏற்ற வாரா வாரம் போனோம். முதல் தடவை குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போட்டது. அடுத்தடுத்த முறை அவ்வளவு இல்லை. ஒவ்வொரு தடவையும் கிரியாட்டினின் பார்த்தார்கள். அது ஏறினால் கிட்னி அடிவாங்குகிறது என்று அர்த்தம். ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. கவுன்ட்டர் வேலைக்கு நீண்ட லீவு போட்டிருந்தேன். அவர் பட்டறையில் சூளைக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் போனைக் கையிலேயே வைத்திருந்தாராம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிரியாட்டினின் அளவை அவர் மனப்பாடம் செய்து, எனக்கு முன்னதாகவே மகளுக்குச் சொல்லியிருப்பார்.

சின்ன டாக்டர் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தார். "அம்மா, இந்த நேரத்துல கேக்குறது தப்பா எடுத்துக்காதீங்க. ரத்தம் எடுக்குறத நிறுத்திடட்டுமா? உங்களுக்குச் சிரமம்னா நிறுத்திடலாம். ஆனா எங்களுக்கு ரொம்பக் கம்மியாத் தெரிஞ்ச விஷயம் இதுதான். மாத்திரய எவ்வளவு குறைக்கலாம், எங்க நிறுத்தணும்னு இன்னும் தடவித்தான் பாத்துட்டு இருக்கோம்."

நான் கையை நீட்டினேன். ஊசி ஏறும்போது என் கணவர் அவரிடம், "மாத்திரய கொறச்சோமே, மச்சான் எளச்சிருப்பானே?" என்றார்.

அவர் இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, "இளைச்சிட்டாருங்க ஐயா. ஆனா இத வச்சு இப்ப நாங்க எதுவும் முடிவு பண்ணக் கூடாது" என்றார்.

"நீங்க பண்ணாதீங்க. நான் பண்ணிக்குறேன்" என்றார் இவர். அன்று அவர் கண்டக்டரிடம் பேசினார்.

கட்டி சுருங்குவது எனக்கு முதலில் கண்ணாடியில் தெரியவில்லை. விரலில் தெரிந்தது. நெல்லிக்காய் சுண்டைக்காய் ஆனது. பிறகு தேட வேண்டியிருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர், இந்த முறை உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார், கட்டி இல்லை என்று. கிட்னிக்கு அடி விழுந்ததும் உண்மை. கிரியாட்டினின் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆனால் ஏறுவதை நிறுத்திவிட்டது. "கொஞ்சம் நொண்டுது. ஆனா ஓடும்" என்றார். இனி குறைந்த மாத்திரையிலேயே வைத்துப் பார்ப்போம், கட்டி திரும்ப வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எங்களுக்கு இது போதுமானதாக இருந்தது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பண்ருட்டியில் பஸ் நின்றது. சாலை ஓரமெல்லாம் பலாப்பழம். பிளந்து வைத்த சுளைகளின் வாசனை ஜன்னல் வழியாக வந்தது. நறுக்கி விற்பதை வாங்கக் கூடாது என்பது சட்டம். என் மூக்கைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது, இறங்கிப் போனார். ஒரு முழுப் பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்.

"இதுக்கு லக்கேஜ் போடணும்ங்க" என்றார் கண்டக்டர்.

"மடியில வச்சுக்குறேன்."

"மடியில வச்சாலும் அது பலாப்பழம்தாங்க."

விருத்தாசலம் வரைக்கும் அந்த வழக்கு நடந்தது. நாங்கள் இறங்கும்போது இரண்டு பேரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் விசாரித்துப் பிரிந்தார்கள். என் கணவருடைய வேட்டி முழுக்கப் பலாப்பால்.

சின்ன டாக்டருக்குப் போன் போட்டு, பலாப்பழம் தரலாமா என்று கேட்டார். நொண்டுகிற கிட்னிக்கு ஒத்துக்கொள்ளாத பொட்டாசியம் சத்து அதில் அதிகம், அதனால் இரண்டு மூன்று சுளைக்கு மேல் வேண்டாம் என்று சொன்னாராம். பழத்தைக் கழுவி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, புறக்கடையில் உட்கார்ந்து அவரே பிளந்தார். எனக்கு மூன்று சுளை ஒரு தட்டில் வந்தது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக மீதி அவ்வளவையும் அவர் ஒருவரே தீர்த்தார். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு லீவு போட்டார். நான் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, லீவு முடிந்து சேருகிறேன் என்று சொல்ல ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.